என் தங்கை வாங்கிய ஒற்றை ஆள் படகு

என் தங்கை ஜெயித்ததை எல்லாம் முதலில் எழுதிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் அட்டைப் பெட்டி கம்பெனியின் வெட்டும் மெஷினில் வலது கையின் நடு மூன்று விரல்களும் போயின. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. வீட்டில் இருந்துகொள் என்று சொன்ன மேனேஜரிடம் வாதாடி, மாதிரிப் பெட்டி செய்யும் அறையில் தனக்கு ஒரு மேஜை போட வைத்தாள். இடது கையால் கத்தி பிடித்து நேர்கோடு வெட்டக் கற்றாள். இப்போது அந்த அறைக்கு அவள்தான் மூத்தவள். நாற்பது வயதில் நீச்சல் கற்றாள். அந்த வகுப்பில் ஆறு பெண்கள். கடைசியாகக் கற்றவள் இவள், ஆனால் கடைசி நாள் வரை வந்தவளும் இவள் ஒருத்திதான். பல்லாயிரம் பெட்டிகளில் ஒன்றுகூட அவள் கை பட்டுத் திரும்பி வந்ததில்லை. பிறகு ஒரு படகு வாங்கினாள். அது ஜெயித்த கணக்கில் சேருமா என்று எங்கள் உறவில் இன்னும் சண்டை. சேரும் என்பது என் கட்சி.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கை போனதால் வரன் வரவில்லை என்று சிலர் பேசுவார்கள். அது பொய். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பேசி முடிக்கிற வரை அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஒரு தடவைகூட அந்தக் கையைப் பார்க்கவில்லை. இரண்டு பேரையும் அவள்தான் வேண்டாம் என்றாள்.

டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஒரே அறையில் இருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் அதில் இறங்கும் குழாயும் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி விட்டால் திங்கட்கிழமை காலை வரை அவளுக்குப் பேச ஆள் கிடையாது. நான் ஊரின் மறு கோடியில் இருக்கிறேன். எனக்குக் குடும்பம், கடையில் துணி தைக்கிற வேலை. போன் செய்வேன், அவள் "ம்" கொட்டுவாள். திங்கட்கிழமை கேட்டில் வாட்ச்மேனுக்கு அவள் சொல்லும் முதல் வார்த்தை கரகரவென்று வரும்.

"என்னம்மா, சளி பிடிச்சிருக்கா?" என்று அவர் கேட்பார்.

"ஆமாண்ணே."

வருஷம் முழுக்கவா ஒரு ஆளுக்குச் சளி பிடிக்கும்? அவரும் வாரா வாரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

படகுப் பழக்கம் கம்பெனி உல்லாசப் பயணத்தில் ஆரம்பித்தது. ஊரை ஒட்டிய ஏரியில் இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடும் படகுகள் வாடகைக்கு உண்டு. எல்லோரும் ஜோடி சேர்ந்து இறங்கிவிட்டார்கள். அன்றைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை. யார் மிச்சம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஆளுக்குப் படகு கிடையாது என்றார் டிக்கெட்காரர். இவள் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஒருத்தியாக ஏறினாள்.

பின் இருக்கையில் ஒரு ஆள், முன் இருக்கை காலி என்றால் படகின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். தூக்கிய மூக்கைக் காற்று பிடித்துத் திருப்பும். அன்று முழுக்க அவள் ஒரே இடத்தில் சுற்றினாள். கரையிலிருந்து பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இறங்கும்போது டிக்கெட்காரர் சொன்னார்: "அடுத்த தடவை முன்னால இருபது லிட்டர் கேன்ல தண்ணி ரொப்பி வைங்க. படியும்."

அடுத்த தடவை வருவாள் என்று அவர் நினைத்துச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேனோடு போய் நின்றாள். பிறகு ஆறு வருஷம், மழைக்காலம் போக, ஞாயிறுதோறும் போனாள். பின்னால் இவள், முன்னால் கேன்.

கம்பெனியில் இதை வைத்து ஓட்டுவார்கள். பேக்கிங் பிரிவில் ஒருத்தி இருக்கிறாள், பெயர் பட்டாசு. அவள் வாய்க்குப் பயந்து சூப்பர்வைசரே சுற்றிப் போவார்.

"உன் வீட்டுக்காரர் நேத்து எப்படி இருந்தாரு?" என்பாள் பட்டாசு.

"எப்பவும் போலத்தான். வாயத் தெறக்கல."

"குடிக்கிறாரா?"

"உள்ள முழுக்கத் தண்ணிதான்."

"அடிக்கிறாரா?"

"உருளுவாரு. அவ்ளோதான்."

"அப்போ என் வீட்டுக்காரரைவிடத் தங்கம். விட்டுடாதடி!"

இவளும் சேர்ந்து சிரிப்பாள். நான் அங்கே ஒருமுறை போயிருந்தபோது இதைக் கேட்டேன். சிரித்து முடித்ததும் அவள் உடனே குனிந்து ஸ்கேலைத் தேடினாள். ஸ்கேல் அவள் கையிலேயே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று. கேன் உண்மையாகவே உருண்டுவிட்டது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, மூக்குத் திரும்பி, மதகுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அங்கே மிதவை கட்டிய கயிறு ஒன்று குறுக்கே இருந்தது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டு, மோட்டார் படகு வருகிற வரை விடாமல் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த வாரம் டிக்கெட் ஜன்னலில் புதுப் பலகை தொங்கியது: இருவர் இருந்தால் மட்டுமே படகு.

"நான் வரேண்டி" என்றேன்.

போனேன். முன் இருக்கையில், கேன் இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். பயத்தில் பேசிக்கொண்டே இருப்பேன். கடை, அத்தான், மாமியார் முட்டி வலி, பக்கத்து வீட்டுக் குழாய்ச் சண்டை என்று கரை வந்து சேரும் வரை வாய் ஓயவில்லை. இறங்கி நின்றதும் அவள் என் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"நீ வந்தது நல்லாத்தான்க்கா இருந்துச்சு. ஆனா தண்ணி சத்தம் கேக்கல."

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் எதற்காக வாரம் முழுக்கக் காத்திருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அறையில் அவள் ஒருத்தி, ஏரியிலும் அவள் ஒருத்திதான். ஆனால் ஏரியில் அவள் ஒருத்தியாக இருப்பதை யாரும் பாவம் என்று பார்ப்பதில்லை. அந்தப் பலகை அதைத்தான் பிடுங்கிக்கொண்டது. ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை வரை நடந்து போய், பலகையைப் படித்துவிட்டு, திரும்பி வந்தாளாம். சொந்தப் படகு இல்லாவிட்டால் இனித் தண்ணீரே இல்லை.

இன்னொரு ஆசையும் இருந்தது, அதை வெகுநாள் எனக்குச் சொல்லவில்லை. ஊரிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் பெரிய நீர்த்தேக்கம் உண்டு. நடுவில் மரங்கள் உள்ள மேடு. அதுவரை துடுப்புப் போட்டு, இரண்டு ராத்திரி தங்கி, சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும்.

"ரெண்டு சீட்டுப் படகா வாங்கு" என்றேன். "யாராவது கூட வந்தா?"

"யாரு?"

"யாராவது."

"யாராவது வருவாங்கன்னுதான் ரெண்டாவது நாற்காலி வாங்கினேன். அதுல யாரு உக்காந்திருக்கான்னு பாரு."

பார்த்தேன். இஸ்திரி போட்ட துணி அடுக்கியிருந்தது.

ஊருக்கு வெளியே லாரி நிறுத்தும் இடத்தைத் தாண்டி ஒரு பட்டறை. பஸ்ஸுக்கு ஃபைபரில் பம்பரும் பக்கத் தகடும் செய்கிறவர் அங்கே படகும் செய்வார், பழைய படகுகளைப் பழுது பார்த்தும் விற்பார். ஊரில் அவருக்கு ஃபைபர் என்றே பெயர். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளைத் தூசி. நாங்கள் போனபோது ஒரு பம்பரை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். இவள் கையைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார், அதில் ஒரு விரல் பாதிதான்.

"ரம்பம்" என்றார். "உங்களுக்கு?"

"அட்டை வெட்டுற பன்ச் மெஷின்."

"மூணா? என்னைவிடப் பெரிய ஆளு."

அவ்வளவுதான் அறிமுகம். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

முதலில் ஒரு கயாக்கைக் காட்டினார். ஒல்லியான படகு, மேலே முழுக்க மூடி, இடுப்பு நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டையைச் சுற்றி ரப்பர் பாவாடை மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டால் உள்ளே தண்ணீர் வராது. படகு கவிழ்ந்தால் முன்னால் உள்ள வளையத்தைப் பிடித்து இழுக்க வேண்டும், பாவாடை கழன்றுவிடும், ஆள் வெளியே வரலாம். இரண்டு ஸ்டூல் மேல் கயாக்கை வைத்து அதில் இவளை உட்கார வைத்தார். வலது கையால் வளையத்தை இழுத்தாள். கட்டை விரலிலிருந்து நழுவியது. இன்னொரு முறை இழுத்தாள், மறுபடியும் நழுவியது. இடது கையால் இழுத்தாள், கழன்றது.

"இடது கையில துடுப்பு இருந்தா?" என்று கேட்டாள்.

"துடுப்ப விட்டுடணும்."

"விட்டுட்டா அப்புறம் கரைக்கு எதால வரது?"

"அதான் எல்லாரும் இன்னொருத்தரோட போவாங்க" என்றார் ஃபைபர்.

கயாக் ஸ்டூலிலிருந்து இறங்கியது.

அடுத்தது திறந்த கனூ. இரண்டு முனையும் கூரான, மேலே மூடி இல்லாத, அகலமான படகு. ஒரு பக்கத் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துப் போடுவது. ஏறுவது சுலபம், சாமான் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், கவிழ்ந்தால் தானாகவே வெளியே விழுந்துவிடலாம். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பட்டறைக்குப் பின்னால் கல் வெட்டிய பெரிய குட்டையில் இறக்கிப் பார்த்தாள். போகும்போது அழகாகப் போனாள். திரும்பும்போது எதிர்க்காற்று. படகின் பக்கச் சுவர் உயரம், அதில் காற்று முட்டி இவளைக் கோரைப் புல்லுக்குள் கொண்டுபோய்ச் செருகிவிட்டது. நாங்கள் கரையோரமாக நடந்து போய், புல்லுக்குள்ளிருந்து அவளை இழுத்தோம்.

"நேத்து காலைல இருந்து இங்கதான் இருக்கேனோன்னு தோணிச்சு" என்றாள், முழங்கால் வரை சேற்றோடு.

கடைசியாக ஃபைபர் ஒரு தார்ப்பாயை விலக்கினார். கீழே இரண்டு படகுகள். கனூவின் அகலம், ஆனால் முன்னும் பின்னும் மேலே மூடி. நடுவில் பெரிய திறப்பு, அதில் ஒரே ஒரு இருக்கை. காற்று முட்டுவதற்குப் பக்கச் சுவர் அதிகம் இல்லை. அலை வந்தால் மூடி மேல் ஏறி வழிந்துவிடும். திறப்பு பெரிதாக இருப்பதால் கவிழ்ந்தால் எந்த வளையத்தையும் தேட வேண்டாம். இரண்டு முனையிலும் இலை மாதிரி தட்டை வைத்த நீளத் துடுப்பு. அதை எந்த நேரமும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. வலது கைக்கு அவள் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டித் துடுப்பில் பட்டையாக மாட்டிக்கொண்டாள். உள்ளங்கை உள்ளே போகும், வேண்டும்போது உருவிக்கொள்ளலாம். அதைத் தளர்வாக வைக்க நாலு தடவை வெட்டிப் பார்த்தாள்.

இனி எது என்பதுதான் கேள்வி. ஒன்று பதினைந்தடி, கனம், காலால் திருப்புகிற சுக்கான் உண்டு, கோடு போட்டாற்போல் நேராகப் போகும். இன்னொன்று பதின்மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. சுக்கான் இல்லை. லேசு, அவள் ஒருத்தியே தோளில் தூக்கலாம். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஆனால் நேராக வைத்திருப்பது ஓட்டுகிறவள் பாடு.

நீர்த்தேக்கத்தை நினைத்து அவள் பெரியதைத்தான் விரும்பினாள். "மாடிக்கு எப்படி ஏத்துவே?" என்றேன். அதற்கு அவள் செய்ததை அவள்தான் செய்ய முடியும். கம்பெனியில் கழித்த ஐந்தடுக்கு அட்டைகளைக் கேட்டு வாங்கி, பதினைந்தடிப் படகை அதே நீளம், அதே அகலம், அதே மூக்கோடு அட்டையில் செய்துவிட்டாள். திறப்பு, அதன் விளிம்பு எல்லாம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நானும் அவளும் மாடிப்படியில் ஏற்றினோம். திருப்பத்தில் மூக்கைத் தூக்கி, வாலை இறக்கி, ஒரு மூச்சுப் பிடித்துத் தள்ளியதும் போய்விட்டது. அறையில் ஒரு சுவர் முழுக்கப் படுத்துக்கொண்டது. அவள் அதற்குள் உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து பார்த்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த அறையில் நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் ஃபைபர் தன் சின்ன வேனில் நிஜப் படகைக் கொண்டுவந்தார். திருப்பத்தில் மூக்கைத் தூக்கி, வாலை இறக்கித் தள்ளினோம். மூக்கு கூரையில், வால் கீழ்ப்படியில், நடு வயிறு கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. மேலே போகவில்லை, கீழேயும் வரவில்லை. அவள் மேல் பக்கம் மாட்டிக்கொண்டாள், நாங்கள் கீழே. டயர் கடைக்காரர் கையில் டீயோடு வந்து பார்த்தார்.

"ஏம்மா, மாடிக்குக் கப்பலா?"

"படகுண்ணே" என்று மேலிருந்து குரல் மட்டும் வந்தது.

"மழை அவ்ளோ பெய்யும்னு ரேடியோல சொன்னானா?"

"அண்ணே, சும்மா நிக்காம கொஞ்சம் வாலைப் புடிங்க."

"வாலு எது, தலை எது? ரெண்டும் ஒண்ணாட்டம்தானே இருக்கு!"

டயர் கழற்றும்போது போடுகிற சோப்புத் தண்ணீரைக் கடைசியில் அவர்தான் கொண்டுவந்து ஊற்றினார். வழுக்கிக்கொண்டு மொத்தமும் கீழே வந்தது, ஃபைபர் மேலேயே. நல்லவேளை, அடி இல்லை.

காரணம் அட்டை. ஐந்தடுக்கு அட்டை நீளவாக்கில் கொஞ்சம் வளையும். திருப்பத்தில் அது வளைந்து கொடுத்திருக்கிறது. ஃபைபரில் செய்த படகு வளையாது. அட்டையின் குணம் அவளுக்குத் தெரியாதா? இருபத்தேழு வருஷம் அதையே வளைத்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். அன்று திருப்பத்தில் அது நெளிந்ததை அவள் கை உணர்ந்துதான் இருக்கும். படகு மாடிக்குப் போய்விட வேண்டும் என்று அவள் அவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறாள்.

படகு வேனுக்குத் திரும்பியது. பட்டறைக்கு நாங்களும் கூடவே போனோம். இறங்கும்போது ஃபைபர்தான் ஆரம்பித்தார்.

"சின்னதை எடுத்துக்கம்மா."

"சின்னதுல மூணு நாள் சாமான் போகுமா?"

"எத்தனை பேரு சாமான்?"

படகில் ஒட்டியிருந்த சோப்பு நுரையை வழித்துவிட்டு, "ஒரு ஆளு" என்றாள்.

"அப்போ போகும்."

சின்னப் படகு மாடிப்படியில் முதல் தடவையிலேயே ஏறியது. அட்டைப் படகைப் பிரித்துக் கட்டி, கம்பெனிக்கே கொண்டுபோய்ப் போட்டாள்.

ஏரியின் மறுகரையில் சொந்தப் படகை இறக்கத் தடை இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு சக்கர வண்டியில் படகை வைத்துச் சாலையோரமாக இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன், ஃபைபரும் வந்திருந்தார். படகை இறக்கினாள். முன் மூடிக்குக் கீழே கையை விட்டு எதையோ தள்ளித் தள்ளி வைத்தாள். ஏறி உட்கார்ந்து துடுப்புப் போட்டதும் படகு மூக்கால் தண்ணீரை உழ ஆரம்பித்தது. தண்ணீர் மூடி மேல் ஏறியது. இடம் போனால் வலம் வந்தது. ஃபைபர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"என்னத்தைம்மா முன்னால வெச்சே?"

"கேன்" என்றாள்.

"எதுக்கு?"

அவள் மூடிக்குக் கீழே எட்டிப் பார்த்தாள். பழக்கம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே இருக்கையுள்ள படகில் ஆள் நடுவில்தான் உட்காருகிறாள். முன்னால் பாரம் வேண்டியதே இல்லை. ஆறு வருஷத்தில் அப்படி ஒரு படகு இருக்க முடியும் என்பது அவள் கைக்குத் தெரியாமலே போய்விட்டது.

கேன் கதையை நான் ஃபைபரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் தண்ணீருக்குள் முட்டி வரை இறங்கினார்.

"அவரை எறக்கி விடும்மா" என்றார், ரொம்ப மரியாதையாக.

அவள் சிரித்தாள். பிறகு இரண்டு கையாலும் கேனை இழுத்து அவரிடம் கொடுத்தாள். கொடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அதன் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்ததும் இருக்கையை ஒரு பல் பின்னுக்குத் தள்ளிவிட்டு, துடுப்பை இடம் ஒன்று, வலம் ஒன்று போட்டாள். படகு நேராகப் போனது. கரையில் நானும் கேனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியாது.

அந்த மழைக்காலம் முடிந்து, குளிர் தணிந்த பிறகு, கம்பெனியில் லீவு போட்டுக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குப் போனாள். படகின் திறப்பை மூட நான் ஒரு துணி மூடி தைத்துக் கொடுத்தேன். வளையம் கிடையாது, ஓரம் முழுக்க ஒட்டும் பட்டை. எந்தப் பக்கம் எந்தக் கை பட்டாலும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அங்கே அணையின் காவல் ஆபீஸில் காக்கிக் கோட்டுப் போட்ட ஒரு அம்மா இருந்தார். தனியாகப் போகிறவர்களுக்குக் கரையிலிருந்து ஒருவர் பொறுப்பேற்று நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வராவிட்டால் மோட்டார் படகு தேடிப் போகும் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை அவள் கிளம்பினாள். படகு சின்னதாகிக்கொண்டே போய், ஒரு குச்சியாகி, மின்னுகிற தண்ணீரில் கலந்துவிட்டது.

அங்கே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். முதல் ராத்திரி தூக்கமே இல்லையாம். பயத்தால் இல்லை, அவ்வளவு அமைதி பழக்கமில்லாமல். அறையில் இருந்தால் கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தமாவது கேட்கும். சனிக்கிழமை மத்தியானம் தன் குரல் இருக்கிறதா என்று பார்க்க, பிஸ்கட் பாக்கெட் மேல் எழுதியிருந்ததை உரக்கப் படித்தாளாம். "படிச்சு முடிச்சதும் யாரும் ஒண்ணும் சொல்லல" என்றாள். "அப்போ கொஞ்ச நேரம் ரொம்ப கஷ்டமா இருந்துச்சுக்கா. நீ பேசிக்கிட்டே வந்தியே, அந்த நாளை நெனச்சேன். அப்புறம் ஒரு பறவை வந்து மூடி மேல உக்காந்துச்சு. அதுவும் பேசல. சரின்னு இருந்தோம்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நானும் ஃபைபரும் வந்துவிட்டோம். காற்று அணைப் பக்கமிருந்து, அதாவது அவளுக்கு எதிராக, அடித்தது. தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரை. மதியம் ஆனது. காவல் அம்மா மோட்டார் படகுக்காரரைக் கூப்பிட்டு டீசல் பார்க்கச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"நேரம் தாண்டிடுச்சும்மா."

"அவ எப்பவும் கடைசியாத்தான் வருவா. ஆனா வந்துருவா."

ஃபைபர் கையால் வெயிலை மறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மோட்டார் இரண்டு முறை இருமி, கிளம்பி, கரையை விட்டு நகர்ந்தபோது அவர், "இருங்க, இருங்க" என்று கத்தினார். அவர் காட்டிய இடம் நடுத் தண்ணீரில் இல்லை. அவள் நேர் வழியை விட்டுவிட்டுக் கரையோரமாக, ஒவ்வொரு வளைவிலும் ஒதுங்கி, காற்று மூச்சு வாங்குகிற சமயம் பார்த்து அடுத்த வளைவுக்கு வந்துகொண்டிருந்தாள். அலை ஒவ்வொன்றும் மூடி மேல் ஏறி இரண்டு பக்கமும் வழிந்தது. அவள் மார்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. துடுப்பு மட்டும் இடம், வலம், இடம், வலம். மோட்டார் படகு அவளுக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றது. அவள் தலையை ஆட்டினாள். அது பக்கத்தில் சும்மா வந்தது.

கரையில் ஏறியதும் நான் கொண்டுபோயிருந்த துண்டைக் கொடுத்தேன். உதடு வெடித்திருந்தது. கைப் பட்டை பட்ட இடத்தில் தோல் உரிந்திருந்தது. "பசிக்குதா?" என்றேன். "அப்புறம்" என்றாள்.

காவல் அம்மா நோட்டைத் திறந்து நீட்டினார். பழக்க தோஷத்தில் நான் பேனாவை வாங்கக் கையை நீட்டினேன்.

"நீங்களா போயிட்டு வந்தீங்க?" என்றார் அவர். "போறதுக்கு நீங்க போட்டீங்க, சரி. திரும்பி வந்ததுக்கு வந்தவங்கதான் போடணும்."

என் தங்கை பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதியிருக்கிறாள். ஆனால் கையெழுத்து என்று ஒன்று போடுகிற வயதும் காரியமும் வருவதற்குள் அந்தக் கை போய்விட்டது. பேங்க்கில் இடது கையால் போட்டுப் பார்க்கலாம் என்று காகிதத்தில் பழகிக் காட்டியபோது, ஒன்று போல ஒன்று இல்லை என்று கவுண்ட்டரில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கேயும் இடது கைப் பெருவிரல் ரேகைதான். மற்றதற்கு நான்.

"மை டப்பா இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"இங்க ஏது? பேனாதான்."

"என் கையெழுத்து ஒரு தடவை இருக்கிற மாதிரி இன்னொரு தடவை இருக்காதுங்க."

"எனக்கு ஒரு தடவை போதும்" என்றார் காவல் அம்மா. "நீங்க வந்துட்டீங்கன்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதானே?"

அவள் இடது கையைத் துண்டில் நன்றாகத் துடைத்தாள். காற்றில் பறக்கும் தாளை வலது கையின் கட்டை விரலாலும் சுண்டு விரலாலும் அழுத்திப் பிடித்தாள். பெயரை முழுசாக எழுதினாள். எழுத்து எழுத்தாக, சுருக்காமல். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். காவல் அம்மா குனிந்து பார்த்து, "தேதியையும் நீங்களே போட்டுடுங்க" என்றார்.

போட்டாள்: பிப்ரவரி 17, 2019, ஞாயிற்றுக்கிழமை.